பூக்கக் கூடாத கம்பு

காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிறாள் என்று யாரோ ஒருநாள் சொல்லப்போக, அதுவே அவளுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. முதலில் வெந்நீர்க்கால்காரி என்றார்கள். பிறகு அதுவும் நீளமாகத் தெரிந்ததோ என்னவோ, வெறும் வெந்நீர். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது.

பெயருக்கு அவள் குறை வைக்கவில்லை. டீயை நின்றுகொண்டே குடிப்பாள். தலையை நடந்துகொண்டே வாருவாள். சாப்பிடுகிறவர் கடைசி வாயை எடுக்குமுன் தட்டை உருவிக்கொண்டு போய்க் கழுவிவிடுவாள். தையல் மெஷின் வாங்கினாள், கோழி வளர்த்தாள், சேலைகளை மூட்டை கட்டி வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றாள். ஒவ்வொன்றையும் உயிரைக் கொடுத்துத் தொடங்கி, அது நாலு காசு காட்டுவதற்குள் அடுத்ததற்குத் தாவிவிட்டாள். பொறுமை இல்லாதவள் என்பார்கள். அப்படிச் சொல்ல முடியாது. பொறுமை இருந்தது, பாவம், அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்தது.

அவள் புருஷன் வெளியூரில் டைல்ஸ் பதிக்கிறவன். போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். நாளெல்லாம் மண்டியிட்டு வேலை செய்து முழங்கால் வீங்கிப்போய், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவான். வந்த இரண்டாம் நாளே மூட்டை கட்டுவான். அவன் போன அன்று அவள் வீட்டைக் கழுவுவாள், பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தேய்த்து மறுபடி ஏற்றுவாள், கதவுக்கு எண்ணெய் விடுவாள். அவன் இல்லாத வீட்டில் அவளால் உட்கார முடியவில்லை. அதுதான் உண்மை. ஊரார் அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்தார்கள்.

அந்த வருஷம் மழை நன்றாகவே ஏமாற்றியது. மக்காச்சோளம் போட்டவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் விதைக் கம்பெனிக்காரர்கள் வந்து, கம்பு போடுகிறீர்களா, எங்களுக்கு விதைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். சாதாரணக் கம்பு விலையைப் போலப் பல மடங்கு கிடைக்கும். ஒரு போகம் தேறிவிட்டால், தொடர்ந்து அவளுக்கே கொடுப்பார்கள். புருஷன் ஊரோடு இருந்து அதைப் பார்த்துக்கொள்ளலாம். இனிமேல் கல்லில் மண்டியிட வேண்டாம். வெந்நீர் யோசிக்கவே இல்லை. அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றுவிட்டாள்.

கம்பும் அவளுக்குத் தோதான பயிர். யாரையும் காக்க வைக்காது. விதை போட்ட சூட்டோடு எட்டிப் பார்க்கும். உச்சி வெயிலில் இலையைச் சுருட்டிக்கொண்டு செத்தது போல் நிற்கும். சாயங்காலம் பார்த்தால் ஒன்றும் நடக்காதது போல விரித்துக்கொண்டிருக்கும். வேர் எவ்வளவு ஆழத்தில் போய்த் தண்ணீரைத் தேடுமோ, வெளியே சொல்லாது. சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, அவள் கம்பங்காடு பச்சையாக நின்றது.

விதைக் கம்பு என்றால் வேறு கணக்கு. பெண் வரிசைகள் சில, நடுவில் ஆண் வரிசை, மறுபடி பெண் வரிசைகள் என்று நட வேண்டும். பெண் வரிசைக் கதிரில் மகரந்தமே இருக்காது. அது மகரந்தத்தை வாங்கும் சூல்முடியை வெள்ளை வெளேரென்று நீட்டிக்கொண்டு காத்திருக்கும். ஆண் வரிசையிலிருந்து காற்றில் வரும் தூள் அதில் பட வேண்டும். அந்தத் தூள் மட்டும்தான் பட வேண்டும். வேறு கம்பின் தூள் பட்டால் விதை கலப்படம், கம்பெனி தொடாது.

"கூப்பிடு தூரத்துக்கு வேற கம்பு பூக்கவே கூடாதுக்கா. பூத்துச்சு, அவ்வளவுதான். இதெல்லாம் சந்தையில கொட்ட வேண்டியதுதான்" என்றான் கம்பெனியின் சூப்பர்வைசர் தம்பி. பைக்கில் வருகிறவன், நல்ல பையன், வெயிலில் கறுத்து எண்ணெய்ச் சட்டி மாதிரி இருப்பான். "அப்புறம், பூ முடிஞ்சதும் ஆண் வரிசையை அறுத்துடணும். அதுக்கு மேல அதுக்கு வேலை இல்ல."

"தம்பி, உங்களையும் வீட்டுல அப்படித்தான் சொல்வாங்களோ?" என்று பக்கத்தில் நின்ற பால்காரர் சிரித்தார். வெந்நீர் சிரிக்கவில்லை. அவள் கண் வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. அங்கே ஒரு துண்டு நிலத்தில் கம்பு நின்றது. மாட்டுக்குப் போட்ட தீவனக் கம்பு.

அது அவள் ஓரகத்தியுடையது. புருஷனுக்கு அண்ணன் மனைவி.

இரண்டு வீடும் ஒரே வீடாக இருந்ததுதான். பாகம் பிரித்தபோது நடுக்கூடத்தில் செங்கல் சுவர் எழுப்பிப் பிளந்தார்கள். சுவர் பூச்சு இல்லாத ஒற்றைச் சுவர். ஓரகத்தி பாத்திரம் கழுவுவது, தும்முவது, மாட்டோடு பேசுவது எல்லாம் இந்தப் பக்கம் கேட்கும். அவள் நிதானம் பிடித்தவள். ஒரு சொம்பு கழுவ எவ்வளவு நேரமாகிறது என்று சுவருக்கு இந்தப் பக்கம் வெந்நீர் பல்லைக் கடிப்பாள். லாரி ஓட்டும் மூத்தவர் எப்போதாவது வருவார். மற்றபடி அந்த வீட்டில் ஓரகத்தியும் ஒரு மாடும்தான்.

இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் ஒரு மோட்டார். போர்க்கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. முன்னொரு கோடையில், "கரண்ட் கம்மியா வருது, இப்ப போடாத, கொஞ்சம் பொறு" என்றாள் ஓரகத்தி. வெந்நீரா பொறுப்பாள்? சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் புகைந்து நின்றது. அது சரியாகி வருவதற்குள் ஓரகத்தியின் கத்திரிச் செடிகள் கருகிப்போயின. அதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். வெந்நீர் சும்மா இருந்திருக்கலாம். "குடத்துல தூக்கி ஊத்துங்களேன். உங்களுக்குத்தான் நேரம் கொட்டிக் கிடக்கே, பிள்ளையா குட்டியா?" என்று வாயை விட்டுவிட்டாள். சொல்லி முடித்த அந்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஓரகத்தி உள்ளே போனாள். அன்றிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

இப்போது அவளிடம் போய், உங்கள் கம்பை வெட்டுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

பால்காரர் இரண்டு வீட்டிலும் பால் எடுக்கிறவர். அவரிடம் சொல்லி அனுப்பினாள். அவர் போய் வந்து, சைக்கிளை நிறுத்தாமலே சொன்னார். "கேட்டேம்மா. 'வெட்டிடறேன். ஒரே நாள்ல வெட்டினா காஞ்சுபோகும். அப்புறம் கன்னு போட்ட மாடு எதைத் திங்கும்னு கேட்டுட்டு வாங்க'ன்னாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

நியாயமான கேள்விதான். அந்த மாடு கன்று ஈன்று கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சுற்றுவட்டத்தில் பச்சை என்று வாயில் வைக்க இருந்தது அந்தத் துண்டுக் கம்பு ஒன்றுதான். ஓரகத்தி தினம் ஒரு கட்டு அறுப்பாள். அடியோடு அல்ல, கணுவுக்கு மேலே, மறுபடி துளிர்க்கும்படி. ஒரு கோடியில் ஆரம்பித்து மறு கோடிக்குப் போவதற்குள் முதலில் அறுத்தது தழைத்துவிடும். நல்ல ஏற்பாடு. மழை இருந்தால். இப்போது துளிர் மெதுவாக வந்தது, அறுப்பும் மெதுவாக நடந்தது. கடைக்கோடியில் அரிவாள் படாத பயிர் கதிர் பொதிகட்டி, வெளியே வரத் தயாராக நின்றது.

வெந்நீருக்குத் தூக்கம் போனது. இந்தப் பக்கம் அவள் பெண் வரிசையில் வெள்ளைச் சூல்முடி எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பக்கம் கதிர் வெளியே தலைநீட்டத் தொடங்கியிருந்தது. அடுப்பில் உலை கொதிக்கும், அவள் வாசலில் நிற்பாள். வாசலில் நிற்கிறாள் என்று பார்த்தால் வரப்பில் இருப்பாள். புருஷன் போன் பண்ணினால் பேசிக்கொண்டே காட்டைச் சுற்றுவாள்.

"என்ன, மூச்சு வாங்குது?" என்பான் அவன்.

"ஒண்ணுமில்ல, நடக்குறேன்."

"பயிர் எப்படி இருக்கு?"

"ராஜா மாதிரி இருக்கு. நீங்க வர்றதுக்கு ரெடியா இருங்க."

"முழங்கால் ரெடியாத்தான் இருக்கு" என்று அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு காதில் இருக்கும்போதே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக வண்டிப்பாதையைத் தாண்டி ஓரகத்தியின் கம்புக்குள் நுழைந்தாள். தலைநீட்டிய கதிர்களை மட்டும் கிள்ளினாள். தழையைத் தொடவில்லை. கிள்ளியதைச் சேலை மடியில் கட்டிக்கொண்டு வந்து சாணக் குழியில் புதைத்தாள். திருட்டுதான், வேறென்ன? ஆனால் கையில் ஒரு வேலை வந்ததும் மனசுக்குக் கொஞ்சம் இதமாகவும் இருந்தது. அடுத்த நாளும் போனாள். அதற்கு அடுத்த நாளும். கம்புக் கதிர் சூல்முடியை முதலில் நீட்டும். தூள் விடும் பைகள் ஓரிரண்டு நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் கிள்ளிவிட்டால் ஆபத்தில்லை. இது அவளுக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் சொம்பு கழுவும் சத்தம் வழக்கம்போலக் கேட்டது. ஓரகத்தி எதையும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

பிறகு ஒருநாள் கம்பெனி ஆபீசில் கூட்டம் என்று வரச்சொன்னார்கள். முதல் பஸ்ஸில் போனாள். பேச வேண்டியவர் பேசி, பேசக் கூடாதவரும் பேசி, கடைசியில் எல்லோருக்கும் ஆளுக்கொரு தொப்பி கொடுத்து அனுப்பினார்கள். வழியில் பஸ் டயர் வெடித்தது. வீடு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஒரு நாள்தானே, நாளைக்குச் சேர்த்துக் கிள்ளிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு புரண்டு படுத்தாள்.

அலுப்பில் காலையில் எழவும் நேரமாகிவிட்டது. வெளிச்சம் வந்துவிட்டது. ஓடினாள். கதிர்கள் நிறையத் தலைநீட்டியிருந்தன. பரபரவென்று இரண்டு கையாலும் ஒடித்தாள். மடி நிறைந்து வழிந்தது. அப்போது மாட்டுக் கொட்டிலில் சொம்பு உருளும் சத்தம். ஓரகத்தி பால் கறக்க வந்துவிட்டாள். வண்டிப்பாதை வழியாகத் திரும்பினால் நேரே அவள் கண்ணில் படும். வெந்நீர் குனிந்து, பாதையை ஒரே தாவலாகத் தாவி, தன் காட்டுக்குள் புகுந்து, ஆளுயரக் கம்புக்கு நடுவே விறுவிறுவென்று நடந்தாள். கதிர்கள் தோளில் இடித்தன, முகத்தில் உரசின. விலக்கிக்கொண்டு போனாள்.

சாணக் குழி அருகே வந்து மடியை அவிழ்த்தாள். கை மஞ்சளாக இருந்தது.

சேலையும் மஞ்சளாக இருந்தது. ஒரு கதிரை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். மாவு சலித்தது போல் தூள் பறந்தது. அவள் வராத அந்த ஒரு நாளில் சில கதிர்கள் பை விட்டிருந்தன. காற்று இங்கிருந்து அந்தப் பக்கமாக அடித்துக்கொண்டிருந்ததால் காடு தப்பித்து நின்றது. காற்று கொண்டுவராததை இவள் மடி நிறையக் கட்டிக்கொண்டு வந்து, வெள்ளைச் சூல்முடி விரித்துக் காத்திருந்த பெண் வரிசைகளுக்கு நடுவே தூவிக்கொண்டே நடந்திருக்கிறாள்.

வெந்நீர் அப்படியே நின்றுவிட்டாள். அவள் நின்றதை யாராவது பார்த்திருந்தால் உடம்புக்கு என்னவோ என்று ஓடி வந்திருப்பார்கள்.

சொல்லாமல் விட்டுவிடலாம். தூள் பட்ட கதிருக்கும் படாத கதிருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. இந்த விதையை வாங்கி அடுத்த வருஷம் விதைப்பவன் காட்டில்தான் தெரியும், ஒன்று நெட்டையும் ஒன்று குட்டையுமாக. அவன் யாரோ. அவனும் இதே மாதிரி ஒரு மழையில்லாத வருஷத்தில் கம்பை நம்பி நிற்பான். அவன் வீட்டுக்காரியும் வாசலுக்கும் வரப்புக்கும் அலைவாள். தூள் பட்ட வரிசைகளை வெட்டிவிட வேண்டியதுதான். உடனே வெட்ட வேண்டும். சூப்பர்வைசர் தம்பி அன்றைக்குப் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது.

கையைக் கழுவி, சேலையை மாற்றி, அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டு ஓரத்துக்கு ஓடினாள். அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, எந்த வழியாக வந்தோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

வாழ்நாளில் ஒருநாளாவது கால் வைத்த இடத்தைப் பார்த்து நடந்தவளா அவள்? இந்த வரிசையா, அந்த வரிசையா? பூமி காய்ந்து கல்லாகக் கிடந்தது, கால்தடம் எங்கே பதியும்? நேரே போனேனா, நடுவில் திரும்பினேனா? ஒரு வரிசைக்குள் போனாள், வெளியே வந்தாள், அடுத்ததற்குள் போனாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. தெரியாவிட்டால் முழுக்காட்டையும் அல்லவா வெட்ட வேண்டும்? அரிவாளோடு வரப்பில் உட்கார்ந்தாள். கண்ணீர் வந்துவிட்டது. புருஷனின் முழங்கால்தான் கண்முன் வந்தது.

"அங்க இல்ல."

நிமிர்ந்தாள். வண்டிப்பாதையில் ஓரகத்தி நின்றாள். கையில் அவளுடைய அரிவாள்.

"ஆண் வரிசையை ஒட்டி நுழைஞ்ச. கம்பு ஆடுன ஆட்டத்துலயே தெரிஞ்சுது. மூணாவது பெண் வரிசைகிட்ட ஆட்டம் நின்னுச்சு, எதையோ கீழ விட்டுட்டு எடுத்திருப்ப. அங்கிருந்து கோணலாத் திரும்பி அந்த வேப்பமரத்துக்கு நேரா வெளிய வந்த." இத்தனை வருஷத்துக்குப் பிறகு பேசுகிறவள், நேற்று விட்ட பேச்சைத் தொடர்கிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

வெந்நீர் எழுந்தாள். "பாத்துட்டு இருந்தீங்களாக்கா?"

"முதல் நாள்ல இருந்தே பாக்குறேன்."

"ஒண்ணும் சொல்லலியே."

"கதிரைத்தானே கிள்ளுன. தழையை விட்டுட்டுத்தானே போன. கதிர் முத்தினா தட்டை கட்டையாப் போகும், மாடு திங்காது. நானே கிள்ளணும்னுதான் இருந்தேன். நீ கிள்ளிக் குடுத்துட்ட." சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஆனா இன்னைக்குத் தூளோட இதுக்குள்ள பூந்தப்போ, என்னடா இவ, கிறுக்குப் பிடிச்சிருச்சான்னு நெனச்சேன். கூப்பிட வாய் வந்துச்சு. அதுக்குள்ள நீ அந்தப் பக்கம் போய்ட்ட. உன்னை யாரு கூப்பிட்டு நிறுத்த முடியும்?"

இருவரும் அறுத்தார்கள். ஓரகத்தி காட்டிய வழியில், இந்தப் பக்கம் சில வரிசை, அந்தப் பக்கம் சில வரிசை, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம். காட்டின் நடுவில் கோணல் வகிடு எடுத்தது போல் ஒரு பாதை விழுந்தது. நாலில் ஒரு பங்கு போயிற்று. வெந்நீர் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிலில் போட்டாள். மாடு தலையை ஆட்டி ஆட்டித் தின்றது.

"அக்கா, இது தீர்ந்ததும் ஆண் வரிசையும் வரும். பூ முடிஞ்சதும் அதை அறுத்துதான் ஆகணும். மாடு எதைத் திங்கும்னு கேட்டீங்களே..."

"இதை நீங்க அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா என் கடைக்கோடியை ஒரே நாள்ல வெட்டிட்டிருப்பேனே" என்றாள் ஓரகத்தி. 'நீங்க' என்று மரியாதை கொடுத்தது கிண்டல். வெந்நீருக்கு அது புரிந்தது. பதில் கைவசம் கொட்டிக் கிடந்தும் வாயைத் திறக்கவில்லை. ஆண் வரிசை அறுப்பு பற்றிச் சூப்பர்வைசர் தம்பி சொன்னது எத்தனை நாளாக அவள் காதில் கிடந்தது! ஓடிய ஓட்டத்தில் நின்று அதை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டு பேருமாகத் தீவனத் துண்டின் கடைக்கோடியையும் அறுத்துச் சாய்த்தார்கள்.

சூப்பர்வைசர் தம்பி சொன்ன நேரத்துக்கு வந்தான். பைக்கை நிறுத்தியவன், காட்டின் நடுவில் கிடந்த கோணல் பாதையைப் பார்த்து ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்துவிட்டான்.

"என்னக்கா இது?"

வெந்நீர் வாயைத் திறந்தாள். அதற்குள், யாருக்கும் முந்திப் பேசாத ஓரகத்தி முந்திக்கொண்டாள்.

"என் மாடு தம்பி. கயித்தை அறுத்துக்கிட்டுப் பூந்துடுச்சு. பூந்தது பூத்த கம்பைத் தின்ன வாயோட பூந்துடுச்சு. அதான் எதுக்கு வம்புன்னு அது போன வழியெல்லாம் அறுத்துட்டோம். தப்பு என் பேர்ல. நீங்க பாக்க வேண்டியதைப் பாருங்க."

கொட்டிலில் கட்டியிருந்த மாடு, பெரிய சாது மாதிரி அசைபோட்டுக்கொண்டு இவர்களைப் பார்த்தது. தம்பி அதையும் பார்த்தான், இவர்களையும் பார்த்தான். காட்டுக்குள் போய் வரிசை வரிசையாகச் சுற்றினான். பாதையைத் தாண்டிப்போய்த் தீவனத் துண்டைப் பார்த்தான். வெந்நீருக்கு வழக்கம்போலப் பின்னாலேயே ஓட வேண்டும்போல இருந்தது. ஓரகத்தி அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

"மத்தது சுத்தமா இருக்கு" என்றான் தம்பி, திரும்பி வந்து. "வெட்டினது நல்லதாப் போச்சு. வெட்டாம இருந்தா முழுசையும் தள்ளியிருப்பேன். மாட்டை நல்லாக் கட்டுங்க."

சாயங்காலம் புருஷன் போன் பண்ணினான். அவள் நடக்கவில்லை. கொட்டிலின் படியில் உட்கார்ந்து பேசினாள்.

"தேறிடுச்சா?"

"தேறிடுச்சு. ஆனா நாலுல ஒரு பங்கு போச்சு. என் தப்புதான். நேர்ல சொல்றேன்."

"பரவால்ல விடு. அப்போ நான் இன்னும் ஒரு போகம் இங்கயே இருந்துட்டு வரட்டுமா?" என்றான்.

இதற்குத்தான் அவள் பயந்திருந்தாள். இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாதென்றுதான் இத்தனை ஓட்டமும். "வேண்டாம். வாங்க. குறைஞ்சதைச் சமாளிச்சுக்கலாம்" என்றாள். "என்னால தனியா இருக்க முடியல."

"தனியாத்தானே இவ்வளவு நாளும்..."

"அக்கா பேசிட்டாங்க."

"யாரு, அண்ணியா?" அவனால் நம்ப முடியவில்லை. "உன்கிட்டயா? என்ன பேசுனாங்க?"

வெந்நீர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பொய் சொன்னாங்க" என்றாள். "எனக்காக."

அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு வந்துவிடுகிறேன் என்றான்.